கப்பல் வந்தால் சாப்பாடு

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஊட்டுகிறவரின் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். மற்றவர்கள் ஊட்டும்போது இதைப் பார்த்து நிறையச் சிரித்திருக்கிறேன். என் இரண்டாவது மகளுக்கு நான் ஊட்டுவதை மூத்த மகள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் குழந்தை வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எதிரே நாற்பது வயதுக்காரன் ஒருவன் யாரும் ஊட்டாத தன் வாயை ஆவென்று திறந்து வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு அந்தப் படத்தையும் காட்டிவிடுவார்கள்.

அப்போது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு இரண்டரை. என் மனைவிக்குக் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. சும்மா கிடைக்கவில்லை. பெரியவளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு முறை தேர்வெழுதினாள். சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு படித்து இன்னொரு முறை எழுதினாள். அந்த நாட்களில் நான் செய்த பேருதவி, அவள் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்தது. அணைக்கவில்லை, குறைத்தேன்.

விழிதியூரில் அவள் வீட்டார் சம்பா நடவில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட முடியாது. நானோ சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவது என் தொழில். ஆகவே பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தேன்.

“ரெண்டு புள்ளைய பாத்துக்குறதுல என்ன இருக்கு?” என்று கேட்டேன். அதைச் சொன்ன தோரணையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

“பெரியவள பத்திப் பேச்சில்லங்க. சின்னவ உங்க கையால ஒரு வாய் வாங்கியிருக்காளா இதுவரைக்கும்?” என்றாள் மனைவி. “ஒரு மாசம் பாப்போம். அங்கன்வாடில எட போடுறப்ப கொறஞ்சிருந்துச்சுன்னா நான் லீவு போட்டுடுறேன்.”

வேலையில் சேர்ந்த சூட்டோடு நீண்ட விடுப்புக் கேட்டால் அந்த வேலையின் கதி என்னவாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் தேதி போடாமல் ஒரு விடுப்புக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் முதல் நாள் பஸ் ஏறினாள். பேனா தேடும்போது அதைப் பார்த்துவிட்டேன். பார்க்காதது போல மடித்து வைத்தேன்.

முதல் நாள் சின்னவள் சாப்பிட்டது மூன்று வாய். அதில் ஒன்றைத் துப்பிவிட்டாள். காக்காய் காட்டினேன், ஆடு காட்டினேன், பூச்சாண்டியைக் கூப்பிட்டேன். பூச்சாண்டி வரட்டும் என்று காத்திருந்தாள். இரண்டாம் நாள் பாட்டுப் பாடினேன். பாதியில் என் வாயைக் கையால் பொத்தினாள். மூன்றாம் நாள் கிண்ணத்தோடு அவள் பின்னால் வீட்டைச் சுற்றி ஓடியதில் எனக்குத்தான் பசித்தது. மிச்சச் சோற்றை நானே தின்றுவிட்டு, மாலையில் மனைவி கேட்டபோது, “சாப்பிட்டா” என்று மொட்டையாகச் சொன்னேன். யார் சாப்பிட்டது என்று அவள் கேட்கவில்லை.

நான்காம் நாள் விடிவு பிறந்தது. எங்கள் வீடு கீழவாஞ்சூர் பக்கம், பெரிய சாலையை ஒட்டியது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு எங்கள் சன்னலைக் கடந்துதான் போகும். நான் கிண்ணத்தோடு சோர்ந்து போய் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பதினாறு சக்கர லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சின்னவள் “லாயி!” என்று வாயைப் பிளந்தாள். நான் சோற்றை உள்ளே தள்ளினேன். அவள் விழுங்கிவிட்டு, அடுத்த லாரிக்காகச் சாலையைப் பார்த்தாள்.

அன்று பதினெட்டு லாரி, பதினெட்டு வாய். கிண்ணம் காலி. ஏதோ பெரிய விஞ்ஞானி போல வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ‘முழுசா சாப்ட்டா’ என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். மனைவி கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள். எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வருகிறேன். சொல்லியிருக்க மாட்டேன். குழந்தை என் கையால் சாப்பிடுகிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அதில் லாரிக்காரர்களுக்குப் பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு வாரம் ராஜபோகம். அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் சாலையில் லாரியே இல்லை. ஒரு டவுன் பஸ், இரண்டு ஆட்டோ, ஒரு மீன் வண்டி. பஸ்ஸுக்குக்கூட அவள் வாய் திறக்கவில்லை. கொள்கைப் பிடிப்புள்ள குழந்தை.

எதிர்வீட்டு அண்ணன் துறைமுக வாசலில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறார். மாலையில் அவரைப் பிடித்தேன்.

“ஏண்ணே, இன்னைக்கு லாரியே காணும்?”

“கப்பல் காலியாயிடுச்சு தம்பி. நேத்தே கெளம்பிருச்சு. அடுத்தது புதன்கெழமதான்.”

“புதன்கெழம எத்தன மணிக்குண்ணே?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் தம்பி, லாரி கீரி வாங்கப் போறீங்களா?”

பிள்ளைக்குச் சோறு ஊட்டணும் என்று எப்படிச் சொல்வது? சும்மா கேட்டேன் என்று சமாளித்தேன். அதன் பிறகு தினமும் சும்மா கேட்டேன். எந்தக் கப்பல் எப்போது கரையணைகிறது, எத்தனை நாள் இறக்குவார்கள், சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்கள் எங்கே நிறுத்துவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாயிற்று. சமையலறை காலண்டரில் பால்காரர் வராத நாளுக்குப் பக்கத்தில் கப்பல் வரும் நாளையும் வட்டம் போட்டு வைத்தேன். கப்பல் நிற்கும் நாளில் இரண்டு கரண்டி கூடவே ஊட்டி, இல்லாத நாளுக்கு ஈடுகட்டப் பார்த்தேன். ஒட்டகத்துக்குத்தான் அது சரிப்படும் என்பது பிறகு தெரிந்தது.

பெரியவளின் வாயை அடைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

“அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்பா. ஆனா எனக்கும் ஊட்டணும்.”

மூன்று வயதிலிருந்து தானே எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை அது. இப்போது அவளும் சன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் லாரி பார்த்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு வாய்க்கும் ஊட்டினேன், என்னுடைய மூன்றாவது வாயைத் திறந்தபடி. பிள்ளை வளர்ப்பில் வளர்ந்த பிள்ளையைப் பின்னோக்கி வளர்த்த பெருமை என் ஒருவனுக்கே உரியது.

அந்த நாட்களில்தான் கம்பெனி மீட்டிங் ஒன்றில் மைக்கை அணைக்க மறந்தேன். மேலதிகாரி அந்த மாதத்துப் புகார்களைப் பற்றி வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவே என் குரல், “ஆ காட்டு, ஆ காட்டு, பெரிய்ய லாரி வருது!” என்று கேட்டிருக்கிறது. அதன் பிறகு எந்த மீட்டிங் ஆனாலும், “என்ன சார், லாரி வந்துருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி ஊட்டப் போனால் சின்னவள் வாயை மூடிக்கொண்டு சன்னலைப் பார்ப்பாள். “என்னங்க இது, எங்கிட்ட சாப்புடவே மாட்டேங்கிறா?” என்று கேட்டாள் மனைவி. “வெளிச்சத்தப் பாத்தா அவளுக்குப் புடிக்குது” என்று நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாசல்படியில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தும் நான் சொல்லவில்லை.

எடை போடுவதற்கு நான்கு நாள் இருக்கையில் கடலில் புயல் சின்னம் உருவானது. துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கப்பல் வெளியே தள்ளி நின்றுவிட்டது. மழையில் நிலக்கரி அள்ள முடியாதென்று லாரிகளும் நின்றன. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. என் கவலை குழந்தையின் நூறு கிராமைப் பற்றி.

முதல் நாள் பாலும் இரண்டு பிஸ்கட்டும். இரண்டாம் நாள் பால் மட்டும். அள்ளித் தூக்கினால் சின்னவள் பஞ்சு போல இருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கைப்பையிலிருந்த கடிதம் கண்முன் வந்து வந்து போயிற்று. ஏழெட்டு வருடம் படித்து வாங்கிய வேலை என்னுடைய வீம்பால் போகப்போகிறது என்று நினைத்து, வராத லாரிக்காகச் சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கு விடுமுறை, அலுவலகத்துக்கு இல்லை. மனைவி குடையோடு போனாள். பன்னிரண்டு மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். லாரி வராவிட்டால் என்ன, நாமே லாரியாகிவிடலாம். மோட்டார் சைக்கிளைப் போர்த்தும் நீலத் தார்ப்பாயை எடுத்து என் மேல் போர்த்திக்கொண்டேன். பெரியவள் முதுகில் ஏறி டிரைவரானாள். முழங்காலால் தவழ்ந்து, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். சின்னவள் கைதட்டிச் சிரித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. லாரியும் ஊட்டுகிறவனும் ஒரே ஆள் என்பதில் அவளுக்கு ஏதோ சந்தேகம்.

நான்காவது தடவை திரும்பும்போது தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு ஈரக் கால்கள் தெரிந்தன. பஸ் நின்றுவிடும் என்று அலுவலகத்தில் சீக்கிரமே அனுப்பிவிட்டார்களாம்.

“என்னங்க இது?”

“லாரி” என்றேன். வேறென்ன சொல்வது?

“அப்பாதாம்மா லாரி. நெஜ லாரி வரல. கப்பல் வரலல்ல, அதான் பாப்பா சாப்புடல” என்று பெரியவள் முதுகிலிருந்தபடியே மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். நான் கொடுத்து வந்த லஞ்சமெல்லாம் வீண்.

மனைவி கைப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. “தெனம் முழுசா சாப்ட்டான்னு செய்தி போட்டீங்களே?”

“கப்பல் இருந்த அன்னைக்கு முழுசாத்தான் சாப்ட்டா.”

“ஏன் மறைச்சீங்க?”

“நீ லீவு போட்டுடுவேன்னு பயந்தேன். பையில லெட்டர பாத்தேன்.”

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “எனக்கும் அதே பயம்தாங்க. அந்த லெட்டர குடுக்குற மாதிரி ஆயிடுமோன்னுதான் ஒரு மாசமா நான் சரியாச் சாப்புடல. இன்னைக்கும் டப்பாவ தொறக்கவே இல்ல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. குழந்தை சாப்பிட்டதா என்று ஒரு மாதம் மல்லுக்கட்டியவன் அவளிடம் ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நான் அடுப்பங்கரைக்குப் போய் ரசத்தைச் சுடவைத்து, நான்கு அப்பளம் பொரித்தேன். இரண்டு கருகிவிட்டன. தலையைத் துவட்டிக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் தட்டோடு உட்கார்ந்தேன். பெரியவள் தன் தட்டைத் தானே எடுத்து வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எப்போதும் ஊட்டி முடித்துவிட்டு நின்றபடி மிச்சத்தை வழிப்பதுதான் வழக்கம். நல்ல பசி எல்லோருக்கும். சின்னவளை யாரும் பார்க்கவில்லை.

அவள் எங்களைச் சுற்றி இரண்டு தடவை வந்தாள். சன்னலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தொடையில் ஒட்டி உட்கார்ந்து, தட்டிலிருந்த கருகிய அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். அதன் பின் ரசச் சோற்றுக்குள் ஐந்து விரலையும் விட்டாள். பாதி தரையில், கால்வாசி சட்டையில், மிச்சம் வாய்க்குள். நான் எழுந்து ஊட்டப் போனேன். மனைவி என் முழங்காலை அழுத்தி உட்கார வைத்தாள்.

மழை விட்டதும் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். போன மாதம் எவ்வளவோ அவ்வளவேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு மாத ஓட்டத்தில் நான் மட்டும் இரண்டு கிலோ இளைத்திருந்தேன். அன்று மாலை பெரியவள் படம் வரையத் தாள் கேட்டாள். மனைவி கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில் பெரியவள் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு லாரி வரைந்தாள். அதற்கு மீசை வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நால்வரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கப்பல் வந்திருந்தது. சாலையில் வரிசையாக லாரிகள். ஒன்று எங்கள் சன்னலருகே நீளமாக ஹாரன் அடித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்கள்.

திடீரென்று மனைவி சிரிக்கத் தொடங்கினாள். எதற்கென்று முதலில் புரியவில்லை. ஹாரன் சத்தம் கேட்டதும் என் வாய் ஆவென்று திறந்திருக்கிறது. மூடுவதற்குள் சின்னவள் எழுந்து வந்தாள். கை நிறைய அள்ளிய சோற்றை என் வாய்க்குள் திணித்துவிட்டு, முழுவதும் விழுங்குகிறேனா என்று எதிரிலேயே நின்று பார்த்தாள். அவள் வாயும் திறந்திருந்தது.