மூடாத வால்வு

ஹப்சிகுடாவில் இருக்கும் அந்த இதய மருத்துவமனையில் எக்கோ அறை என்றால் விஜயகுமாரிதான். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை விலா இடுக்கில் வைத்தாளென்றால் துடிக்கும் இதயம் நொடியில் திரைக்கு வந்துவிடும். அவள் எழுதிக் கொடுத்ததை டாக்டர் ராகவேந்திரா மறுபடி பார்த்ததில்லை.

போன ஜனவரியில் அதே வேலைக்கு ஸ்ரீஜா வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு டாக்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினால், "ஸ்ரீஜா எங்கே?" என்றுதான் கேட்டார். ஒவ்வொரு முறையும் விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது. குறை சொல்லவும் வழியில்லை. "அக்கா, உங்களுக்கும் டீ சொல்லட்டுமா?" என்று கேட்காமல் அந்தப் பெண் குடிக்க மாட்டாள். அதுவே எரிச்சலாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை லோத்குண்டாவிலிருந்து அனந்தராமன் கால் வீக்கத்தோடு வந்தார். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விஜயகுமாரி பார்த்தாள். வலப்பக்க வால்வில் ரத்தம் மோசமாகப் பின்னுக்குக் கசிந்தது. எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் படித்துவிட்டு, "ஸ்ரீஜாவும் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றார்.

விஜயகுமாரிக்குக் காது மடல் சுட்டது.

ஸ்ரீஜா அரை மணி நேரம் பார்த்தாள். "அக்கா, வால்வு இதழைப் பாருங்க. தடிச்சுப்போய் பலகை மாதிரி நிக்குது. சரியா திறக்கவும் இல்ல, மூடவும் இல்ல." பிறகு அவரிடம், "சார், திடீர்னு முகம் செவந்து சூடாகுமா? வயித்துப்போக்கு?" என்றாள்.

"ஒரு வருஷமா இருக்கும்மா. காரம் ஒத்துக்கலைன்னு நெனச்சேன்."

குடலில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி கல்லீரலுக்குப் பரவினால், அது சுரக்கும் ரசாயனம் இதயத்தின் வலப்பக்க வால்வை இறுகச் செய்துவிடும் என்று ஸ்ரீஜா டாக்டரிடம் சொன்னாள். அப்படி எதுவும் இருக்கக்கூடாது என்று விஜயகுமாரி வேண்டிக்கொண்டாள். வேண்டியது அனந்தராமனுக்காக இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

மூன்றாம் நாள் எடுத்த சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் திட்டுகள், சிறுகுடலில் கடலையளவு கட்டி. டாக்டர் எல்லோர் முன்னாலும் ஸ்ரீஜாவைப் பாராட்டினார். விஜயகுமாரியும் கை தட்டினாள்.

மதியம் சாப்பிடாமல் பழைய பதிவுகளைத் தேட உட்கார்ந்தாள். இதே படத்தை நாமும் என்றைக்கோ பிடித்திருப்போம், அதை டாக்டர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று ஒரு வெறி. கிடைத்தது. எட்டு மாதத்துக்கு முன் வந்த ஆக்னஸ், உப்பலில் பள்ளி ஆசிரியை. அதே பலகை இதழ்கள். கீழே அவள் எழுதியிருந்தது, 'வால்வுக் கசிவு.' அவ்வளவுதான்.

பதிவை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் ஏறும், தன் பெயர் இறங்கும். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"ஸ்ரீஜா, இங்க வா. இதைப் பாரு."

ஸ்ரீஜா படத்தைப் பார்த்தாள், எழுதியவர் பெயரையும் பார்த்தாள். "நான் சும்மா பழைய கேஸ் தேடினப்போ கிடைச்சுதுன்னு சொல்லிடறேன் அக்கா. உங்க பேரு வேண்டாம்."

"நக்கோ, அதெல்லாம் வேண்டாம். நான் விட்டது. நானே சொல்லிக்கிறேன்."

டாக்டர் திட்டவில்லை. உடனே ஆக்னஸுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்கேன் எடுத்ததில் அவருக்கும் அதே நோய்தான். கட்டியின் சுரப்பை அடக்கும் மாத ஊசி தொடங்கியது. பிறகு வால்வை மாற்றினார்கள்.

அறுவைக்குப் பிறகு எக்கோவுக்கு வந்த ஆக்னஸ், விஜயகுமாரியின் கையைப் பற்றிக்கொண்டார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே."

"முதல்ல கவனிக்காம விட்டதும் நான்தான் மேடம்."

ஆக்னஸ் அவளையே பார்த்தார். "எட்டு மாசம்" என்றார். மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் விஜயகுமாரி ஸ்ரீஜாவைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். கேட்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்கிறாள்.