கொலினுக்கு வந்த சட்டிகள்

என் கணவன் மெர்வினின் இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பை விட்டுவிடும். அதனால் யாரும் சாவதில்லை. இதை நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார். கணவனைப் போய் அவன் இவன் என்கிறாளே என்று பார்க்காதீர்கள். ஒரே பள்ளிப் பேருந்தில் அடித்துக்கொண்டு போய் வந்தவர்கள் நாங்கள்.

முதலில் அது வந்தது கோதுமை விதைப்பின்போது. டிராக்டரை விட்டு இறங்கி வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "கோரல், நின்னு போச்சு" என்றான்.

"எது, டிராக்டரா?"

"நெஞ்சு. நின்னுட்டு மறுபடி குதிச்சுது. தவளை மாதிரி."

பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு நாள் முழுக்க மார்பில் ஒயர்களை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்த டாக்டரம்மா, எங்கள் மகள் வயதுதான் இருக்கும், திரையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க இதயம் நிக்கல. ஒரு துடிப்பு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு வந்துடுது. அப்புறம் சின்னதா ஒரு இடைவெளி. அடுத்த துடிப்பு கொஞ்சம் பலமா அடிக்குது, அதத்தான் நீங்க குதிக்குதுன்னு சொல்றீங்க. நிறைய பேருக்கு இருக்கு. ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல' அவனுக்குப் பிடிக்கவே இல்லை. மறுபடி அப்படி வந்தால் மூச்சை மெதுவாக விடுங்கள், நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள், எழுந்து வேலையைப் பாருங்கள் என்று அந்தம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இவன் வேலையை விட்டுவிட்டு நாடியைப் பிடித்துக்கொண்டான். டீயை விட்டான், பீரை விட்டான், இடப்பக்கம் படுப்பதை விட்டான். டிவி பார்க்கும்போதும் விரல் கழுத்தில்தான். சாப்பாட்டுக்கு நடுவே கரண்டி அப்படியே நிற்கும். நானும் என் கரண்டியை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தூக்கம் எங்கே போனது என்று எவரும் கேட்கவில்லை.

கால்பந்து கிளப்பில் சொல்லிப் பார்த்தான். "உன் நெஞ்சும் உன்னை மாதிரிதாண்டா, நடுவுல டீ குடிக்கப் போயிடுது" என்று சிரித்தார்கள். பக்கத்துப் பண்ணை டல்சி மட்டும் அரை எலுமிச்சைக் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாளே தட்டைத் திருப்பிக் கேட்டாள்.

அக்டோபரில் கொலினுக்கு மாரடைப்பு வந்தது.

கொலின் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமை போடுகிறவன். எங்கள் கல்யாணத்தில் மெர்வினுக்கு மாப்பிள்ளைத் தோழன். இரண்டு பேரும் ஒருத்தன் வண்டியை ஒருத்தன் கேட்காமல் எடுத்துப் போவார்கள். அவனுக்கு வந்தது நிஜமான மாரடைப்பு. ஹெலிகாப்டர் வந்து அவன் வயலிலேயே இறங்கியது. மெல்பர்னில் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் பெரிய நோவு வந்தால் சட்டிகள் போகும். இறைச்சியும் காய்கறியும் போட்டு அடுப்பில் மெதுவாக வேகவிட்ட குழம்பு, மூடி போட்ட கனமான சட்டியில். யார் வீட்டுச் சட்டி என்று அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். கொலின் வீட்டு ஃப்ரீஸர் நிறைந்து, சட்டிகள் சர்ச் ஃப்ரீஸருக்குப் போயின. அவன் புல்லை யாரோ வெட்டினார்கள், ஆடுகளுக்கு யாரோ தண்ணீர் காட்டினார்கள். கடையில் அவன் மனைவி ஷெரிலைக் கட்டிப்பிடிக்க வரிசை நின்றது. நான் பின்னால் பால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எரிந்தது.

நானும் ஒரு சட்டி செய்தேன். மெர்வின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"இதுல கோழி, காளான் எல்லாம் போட்டிருக்க."

"அவனுக்கு உடம்பு சரியில்ல."

"எனக்கு ஓட்ஸ் கஞ்சி."

"நீதானே கேட்ட?"

"அவனுக்கு ஹெலிகாப்டர். எனக்கு அரைக் கேக்கு" என்று மூடியை டம்மென்று போட்டான்.

கொலின் வீடு திரும்பி வாரங்கள் ஆகியும் மெர்வின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அறுவடை, அறுவடை என்றான். எங்கள் கோதுமை முழுக்கக் குதிருக்குப் போன பிறகும் அதையே சொன்னான்.

கொலினின் கோதுமை முற்றி நின்றது. ஞாயிற்றுக்கிழமை பெருமழை என்று வானிலைச் செய்தி. நனைந்தால் கதிரிலேயே முளைத்து மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும். சனிக்கிழமை எல்லாரும் போய் ஒரே நாளில் அறுத்துத் தருவதென்று முடிவானது. படுத்துவிட்டவன் கோதுமையை அக்கம்பக்கம் சேர்ந்து அறுப்பது எங்களுக்குப் புதிதல்ல. அதில் முதல் சுற்றை ஓட்டுவது அவனுக்கு நெருங்கினவன். அவன் இறங்கி வந்த பிறகுதான் மற்ற இயந்திரங்கள் உள்ளே போகும்.

"நான் வரல" என்றான் மெர்வின். "மிஷின் ஓட்டும்போது மயக்கம் வந்துட்டா?"

"ஓட்டலாம்னு டாக்டரே சொன்னாங்க. நம்ம கோதுமைய நீ தனியாத்தானே அறுத்த?"

"ஆமா. தனியாத்தான் அறுத்தேன். நெஞ்சு குதிக்கக் குதிக்கத் தனியாத்தான் அறுத்தேன். எவன் வந்தான்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை.

சனிக்கிழமை காலை வேலியோரம் அறுவடை இயந்திரங்கள் வரிசையாக நின்றன. தானிய லாரிகள் நின்றன. பெண்கள் கொட்டகையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். கொலின் தன் பிக்கப் வண்டியில், தையல் போட்ட மார்பில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மெர்வ் வரட்டும்" என்றான். மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன். "நீ வர வேண்டாம். பாரி முதல் சுத்து ஓட்டுறானாம். மிஷினைக் கிளப்பிட்டான்" என்றேன்.

சுத்தப் பொய். அடுத்த பண்ணை பாரி என் எதிரில் நின்று சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். பாரி புதுப் பச்சை இயந்திரம் வாங்கியதிலிருந்து அவனைக் கண்டாலே மெர்வினுக்கு ஆகாது.

சாசேஜ் முடிவதற்குள் சாலையில் புழுதி தெரிந்தது. மெர்வின் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் தன் இயந்திரத்தை நேராக வயலுக்குள் இறக்கினான். பாதிச் சுற்று வந்ததும், கொலினின் வண்டிக்கு எதிரே, இயந்திரம் நின்றது. ஓட்டுகிற கூண்டின் கண்ணாடி வழியே பார்த்தேன். விரல் கழுத்துக்குப் போய்விட்டது.

இறங்கி வந்தான். நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டுக் கேட்கத்தான் போனேன்.

"என்னடா, டீசலா?" என்றான் கொலின்.

"நெஞ்சு."

கொலின் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்க அவனுக்கு உரிமை உண்டு. அவன் தலையணையைச் சரிசெய்துகொண்டு, "எப்படி இருக்கும் அது? எனக்கு நீ சொன்னதே இல்லையே" என்றான்.

"திடீர்னு ஒரு காலி. அந்தக் காலியில, இனிமே அடுத்தது வராதுன்னு தோணும்."

"அப்புறம் வருதா?"

"வருது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா, ஒவ்வொரு தடவையும்."

கொலின் தன் கோதுமையைப் பார்த்தான். "எனக்கு வரலடா" என்றான். "ஷெரில்தான் தரையில முட்டி போட்டு, ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் என் நெஞ்சக் கையால அழுத்திக்கிட்டே இருந்தா. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவ சொன்னா." பிறகு வேலியோர இயந்திரங்களைக் காட்டினான். "அத்தனை மிஷின் என் காட்டுக்கு வந்திருக்கு. ஒண்ணுல ஏற என்னை விடமாட்டாங்க. சட்டிங்க எல்லாத்தையும் நீ எடுத்துக்கோ மெர்வ். உன்னோட ஒண்ணுமில்லைய எனக்குக் குடு."

மெர்வின் டீயை வாங்கி, விதைப்பிலிருந்து தொடாத டீயை, ஒரே மூச்சில் குடித்தான். இயந்திரத்தின் ஏணியில் ஏறப்போனவன் பாதியில் நின்றான்.

"மறுபடி வந்துதா?" என்றேன்.

"வந்துச்சு. ஒண்ணுமில்ல" என்று ஏறிவிட்டான்.

இத்தனை மாதம் நான் தொண்டை வறளச் சொன்ன அதே சொல். என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதவன், ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் கொலினிடமிருந்து வாங்கிக்கொண்டான். ஆத்திரமாக வந்தது. வெறும் கோப்பையோடு கொட்டகைக்குத் திரும்பினேன்.

ஷெரில் மேசை ஓரத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கடையில் அவளைச் சுற்றி வரிசை நின்றபோது நான் அவள் கைகளைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். கத்தியைப் பிடிக்காத கை, தடவி அடுக்கிய ரொட்டிகளைத் தட்டையாகும் வரை அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் அடுத்த ரொட்டிக்குக் கத்தியை நீட்டினாள்.

"குடு இப்படி" என்று கத்தியை வாங்கினேன். "நீ ராத்திரி தூங்குறியா ஷெரில்?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "நீ?" என்றாள்.