கண் மூடித் திறப்பதற்குள் வந்த ரிப்போர்ட்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் சோதனை வேலை பார்த்த டெஸ்டிங் அக்காவிடம் இரண்டு செல்போன்கள் இருந்தன. எந்த இணையப் பக்கத்தைக் கொடுத்தாலும் இரண்டிலும் வேறு வேறு ஆள் கணக்கைத் திறந்து வைத்து, இரு கட்டைவிரல்களாலும் ஒரே சமயத்தில் அழுத்துவார். “ரெண்டு பேரு ஒண்ணா வந்தா இன்னா ஆவும்னு பாக்கணும்ல நைனா?” என்பார். இதெல்லாம் ஒரு சோதனையா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

தரமணியில் அப்போது ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தோம். முடிவுகள் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவில் வரும். ஸ்டைல்ஷீட் என்ற வார்ப்புக் கோப்பு ஒன்று அவற்றை ஜனங்கள் படிக்கும் ரிப்போர்ட்டாக மாற்றும். யார் கேட்டாலும் அந்த ஸ்டைல்ஷீட்டை முதலிலிருந்து படித்ததால், பக்கம் திறக்க எட்டு நொடி ஆனது. ஒரே தடவை படித்துத் தயாராக வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்தது. அக்கா அன்று விடுப்பு. அவருடைய அம்மாவின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்து அதே கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் வந்து சோதிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை, தளத்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா அழைத்தார். “அம்மாக்கு ஒண்ணும் இல்லியாம் நைனா! புத்துநோய் இல்லன்னு போட்டுக்கீது. உன் பக்கம் டக்குனு தொறந்துச்சி!” அழுதுகொண்டே சிரித்தார்.

அரை மணி நேரத்தில் கூடத்திலிருந்து புகார் வந்தது. ஓர் ஆணின் பெயரில் கர்ப்பப் பரிசோதனை முடிவு. நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். படித்து வைத்த ஸ்டைல்ஷீட் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். அதில் விவரத்தை நிரப்பும் பகுதி ஆளுக்கு ஒன்று வேண்டும். நான் அதையும் பொதுவாக்கியிருந்தேன். இருவர் ஒரே நொடியில் வந்தால், ஒருவர் பெயரில் மற்றவர் முடிவு.

சரிசெய்துவிட்டு அக்காவை அழைத்தேன். காலையில் அவர் பார்த்தது வேறு யாருடைய முடிவாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். “நீயே தொறந்து பாரு. எனக்குக் கை ஓடல” என்றார். திறந்தேன். நோய் இல்லை என்றுதான் இருந்தது. மூன்று முறை படித்துவிட்டுச் சொன்னேன்.

“இத மட்டும் எப்டி நைனா நம்புறது?”

அக்கா என்னைத் திட்டவே இல்லை. கூடத்துக்கே போய், டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னார்.

போன மாதம் என் மகளின் ரிப்போர்ட் செல்போனில் நொடியில் திறந்தது. எல்லாம் சரி என்றிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தேன்.