குப்பைத்தொட்டியில் பதினோரு கடிதங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களை எழுப்பி உட்கார வைப்பதுதான் அவர் வேலை. எந்த மிஷினில் கை வைத்தாலும் முதலில் ஒன்று கேட்பார்: “குப்பைத்தொட்டியில ஏதாவது முக்கியமா வெச்சிருக்கீங்களா?” எல்லோரும் சிரிப்பார்கள். அழித்த ஃபைல்கள் போய் விழும் கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில் யாராவது பொக்கிஷம் வைப்பார்களா?

அவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார். மிஷின் ஆமையாய் ஊர்கிறது என்று டைப்பிஸ்ட் அக்கா ஒருநாள் புலம்பினார். அக்கா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேண்டாததையெல்லாம் துடைத்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, சபாஷ் வாங்கக் காத்திருந்தார் டாக்டர். வந்த அக்கா திரையையே வெறித்துப் பார்த்தார்.

“தம்பி, இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க?”

“அது குப்பைதானேக்கா?”

“என் மக என்கூடப் பேசறதில்ல. அவளுக்கு எழுதின பதினோரு கடிதம் அது. அனுப்பத் தைரியம் வரல, அழிக்கவும் மனசு வரல. அதான் அதுல போட்டு வெச்சிருந்தேன்.”

மூன்று நாள் தலைகீழாய் நின்று பார்த்தும் ஒரு வரிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு போய் நின்றவரை அக்கா நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“விடு தம்பி,” என்றார் அக்கா. “மிஷின் இப்ப நல்லா வேகமாத்தான் ஓடுது.”