செல்வம் வாங்கின பழைய பிக்கப்

மகன் வீட்டுப் பேத்தி நர்ஸ் ஆகிட்டா. அவள் தங்கச்சி டீச்சர். மகள் வயிற்றுப் பேரன் செல்வம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்.

இன்னைக்கு அவன்தான் என்னைச் சாத்தூர் பட்டறைக்குக் கூட்டிப்போனான். சிநேகிதப் பிள்ளைகளோட மலைக்காட்டில் போய்த் தங்க, பழைய பிக்கப் ஒண்ணு வாங்கியிருக்கான். பெரிய டயர் மாட்டியாச்சு. பின்னால் மெத்தை போடணுமாம்.

பின்கதவு நசுங்கலைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு.

"ஏலே, பட்டாசுக் கம்பெனி வெடிச்ச அன்னைக்கு உங்கம்மாவ இதுலதாம்லே ஆஸ்பத்திரிக்கு ஏத்துனோம். வழியிலேயே போயிட்டா. இதுல படுக்காதலே."

பட்டறைக்காரர் தலையைக் குனிஞ்சுகிட்டார். "அதான் ஆச்சி, உள்ளூர்ல ஒருத்தரும் வாங்கல."

செல்வம் வண்டியோட பின்பலகையைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப நான் வேற எதுல போய்ப் படுக்க, அம்மாச்சி?"

செல்வத்தோட சிநேகிதப் பிள்ளைகளா, காட்டில் அவன் அதுல தூங்குறப்ப ஒரு போட்டோ எடுத்து எனக்குப் போடுங்க. அவன் அம்மா போன பிறகு வீட்டில் பய கண்ணசந்து நான் பார்த்ததே இல்லை.