ஒரே தேதியில் பிறந்த இருபத்தொன்பது பேர்

இன்று சந்தித்தது யாரை என்று தெரிந்தால் நீங்களும் கிளம்பி வந்துவிடுவீர்கள்! கடலோரக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "ரிஜிஸ்டர் அக்கா" என்றால் மீன் ஏலம் விடுகிறவர்கூடக் கையைப் பிடித்து வழி காட்டுவார்.

பள்ளிக்கு இந்த ஆகஸ்டில் பவள விழா. வராந்தாச் சுவரில் பள்ளியின் வரலாற்றை எழுத ஜூலையிலேயே பெயின்டர் வந்துவிட்டார். எழுதிக் கொடுத்தது அக்காதான். படகுக் கொட்டகையில் ஃபாதர் நடத்திய முதல் வகுப்பு, பெண்பிள்ளைகள் சேர்ந்த வருடம், மாடி கட்டிய கதை, எல்லாம் தயார். முதல் வரியில்தான் ஓட்டை. பள்ளி தொடங்கிய நாள் என்ன? அடிக்கல்லில் வருடம் மிச்சமிருந்தது. நாளையும் மாதத்தையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. முதல் பதிவேடு எப்போதோ புயலில் போய்விட்டது.

"வருஷம் மட்டும் போட்டா போதும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பெயின்டர் இருப்பாரு" என்றார் தலைமையாசிரியை சிஸ்டர்.

"ஊர்ப் பிள்ளைங்க தேதியெல்லாம் திருத்திக் குடுக்கிறவ நான். சொந்தப் பள்ளிக்கூடத்துத் தேதி தெரியலன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தச் சுவத்த தாண்டிப் போவேன் சிஸ்டர்?"

வியாழக்கிழமை காலை, இரண்டாவது பதிவேட்டில் ஒட்டிக்கிடந்த பக்கங்களை ஸ்டீல் ஸ்கேலால் மெல்லப் பிரித்தார். ஒன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் இருபத்தொன்பது பேருக்குப் பிறந்த தேதி ஆகஸ்ட் பதினேழு! வருடம்தான் முன்னே பின்னே. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை; வராந்தாப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

"என்னக்கா, அன்னிக்கு மருத்துவச்சிக்குக் கை ஒடிஞ்சிருக்குமே!" என்றார் ஏணி மேலிருந்த பெயின்டர்.

பட்டியலில் ஒரு பேரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஐஸ் பேக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய சொந்தப் பெரியப்பா! மதிய இடைவேளைக்கு மணி அடித்ததும் ஸ்கூட்டர் பறந்தது.

"பெரியப்பா, நீங்க நெசமாவே ஆகஸ்ட் பதினேழுதான் பொறந்தீங்களா?"

அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியும்? சேக்கப் போனப்ப எங்கம்மா, 'பெரிய மழை பேஞ்ச அன்னிக்கு'ன்னு சொல்லிச்சு. ஃபாதர் பாத்தாரு. தேதி தெரியாத பிள்ளைங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம் தொறந்த நாளையே எழுதிட்டாரு. மறக்காதுல்ல!"

"பெரியப்பா!" அக்கா அவர் கன்னத்தைக் கிள்ளியே விட்டார்.

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "அப்ப அம்பது வருஷமா நான் கேக் வெட்டினது பள்ளிக்கூடத்துக்கா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்னு வச்சுக்கோயேன்" என்று சமாளித்தார் பெரியப்பா.

வெள்ளிக்கிழமை முதல் வரி முழுசாகச் சுவரில் ஏறியது. பெயின்டர் மற்ற எழுத்துகளைவிட அரை விரல் பெரிதாகவே எழுதினார்.

இன்றுதான் அந்த ஆகஸ்ட் பதினேழு. இருபத்தொன்பது பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நரைத்த தலைகள், இரண்டு ஊன்றுகோல்கள், ஒரே சத்தம். வகுப்பில் யார் மூத்தவர் என்று இன்னும் சண்டை! பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது.

ஏழு பேர் இப்போது இல்லை. மீதிப் பதினொரு பேர் எங்கே என்று தெரியவில்லை; அக்கா தேடிக்கொண்டிருக்கிறார். கடலோர ஊரில் படித்த உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆகஸ்ட் பதினேழுதான் பிறந்தநாளா? உண்மையிலேயே அன்றுதான் பிறந்தாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள், ப்ளீஸ்!