இரண்டு வீட்டு இரத்த அழுத்தம்

எட்டாம் மாதத்தில் என் கால்விரல் மெட்டி இறுக ஆரம்பித்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் நெய்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பிறகு முகமும் வீங்கியது. முகத்தை நான் எந்தக் குழியிலும் தொங்கவிடவில்லை.

தலைவலியோடு கண்முன் ஜரிகைத் துணுக்குகள் போல மின்னத் தொடங்கியதும், அம்மாவும் மாமியாரும் என்னை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்த அழுத்தம் 160/110. சிறுநீரில் புரதம். ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி சிறுநீரகம், கல்லீரல், மூளையைத் தாக்கக்கூடிய நோய்) என்றார் மருத்துவர். முற்றினால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து.

"உங்க வீட்டுல யாருக்காவது பிரசவத்துல பிரஷர், வலிப்பு வந்திருக்குதாமா?"

இல்லை என்றேன். முதல்முறை மருத்துவமனையில் சீட்டுப் போட்டபோதும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். வீட்டில் என் தங்கைகள் இருவர் கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள். வலிப்பு என்று காதில் விழுந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே சம்பந்தி வேறு.

"எனக்கு வந்துச்சு டாக்டரம்மா," என்றாள் அம்மா. "இவ பொறந்தப்ப வலிப்பு வந்து ரெண்டு நாள் நெனப்பில்லாம கெடந்தேன். எங்க அக்கா அதுலதான் செத்தா. ஜுரம்னு சொல்லி மறைச்சிட்டோம்."

கோயில் வரிசையில்கூட முன்னால் நிற்காதவள் என் அம்மா. அன்று அவள் பேசியதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"இத அப்பவே சொல்லியிருந்தா..." என்று மாமியார் ஆரம்பித்தார்.

மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார். "அம்மா வழி மட்டும் இல்லமா. புள்ளையில பாதி அப்பாவோடது. நச்சுக்கொடி (கருவுக்கு ஊட்டம் தரும் உறுப்பு) சரியா அமையாததுல அப்பா வழி மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம். உங்க பையன் பொறந்தப்ப எப்படி?"

"ஒடம்பெல்லாம் வீங்கிப்போச்சு. பிரஷருன்னு சொல்லி, கொறை மாசத்துலயே எடுத்தாங்க," என்றார் மாமியார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டையும் மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டார். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் ஊசி போட்டு, அன்றே அறுவை செய்து மகளை எடுத்தார்கள். ஒன்றேமுக்கால் கிலோ இருந்தாள். எனக்கு அழுத்தம் இறங்க இரண்டு மாதம் ஆயிற்று.

குடும்பத்தில் இருந்தால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்றில்லை. தெரிந்தால் முதலிலிருந்தே கவனமாகப் பார்ப்பார்கள். இதைப் படிக்கிற கர்ப்பிணிகள் அம்மாவிடம் கேளுங்கள், மாமியாரிடமும் கேளுங்கள்.

என் உடம்பு நான் பிறந்த நாளில் தொடங்கியது என்று நினைத்திருந்தேன். இப்போது கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றும்போதெல்லாம், நான் பார்த்தே இராத பெரியம்மாவும் என்னோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பத்து வருடம் கழித்து என் நாத்தனார் உண்டானாள். முதல் நாளே மருத்துவமனைக்கு மாமியார் கூட வந்து, நர்ஸ் பேனாவைத் திறப்பதற்குள் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எழுதிக்கமா. நான் இவ அம்மா. என் பையன் பொறந்தப்ப எனக்குப் பிரஷர் இருந்துச்சு."

என் மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளை நான் வெளியே அனுப்பவில்லை.